பூந்தொட்டியில் வந்த உலகப் பயணி

ஆலங்குளம் பக்கம் மழை எப்போதாவது வரும் விருந்தாளி. மேற்கே குற்றாலத்தில் சாரல் கொட்டும் ஆனி, ஆடியில்கூட எங்களுக்குப் பெரும்பாலும் காற்றுதான் கிடைக்கும். நல்ல மழை வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். அப்படி இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை. இறைவணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது, கை கழுவும் தொட்டிப் பக்கம் ஒரே கூச்சல்.

"டீச்சர், நாக்குப்பூச்சி டீச்சர்! கறுப்பா இருக்கு!"

"நாக்குப்பூச்சி இல்ல டீச்சர், பாம்புக்குட்டி!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. பென்சிலைவிட மெல்லியது. வறுத்த காபிக்கொட்டை நிறம். ஈரமான சிமெண்டுத் தரையில் பளபளவென்று மின்னிக்கொண்டு வேகமாக நெளிந்தது. நான் அறிவியல் ஆசிரியை. பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஆனாலும் அந்த நொடியில் என் வாயில் வந்தது இதுதான்: "தள்ளிப் போங்க எல்லாரும்! நாகப்பாம்புக் குட்டியா இருக்கும்."

"இருக்கும்" என்றுதான் சொன்னேன். பிள்ளைகள் காதில் "நாகப்பாம்புக் குட்டி" மட்டும் விழுந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் செங்கல்லைத் தூக்கிப் போட்டான். எல்லாம் முடிந்தது. அவன் கை தட்டல் வாங்கினான். நானும் "சபாஷ்" என்றேன்.

சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அக்கா சத்தம் கேட்டு வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இது செவிப்பாம்புல்லா டீச்சர்? காதுல பூந்துரும்னு சொல்லுவாவ. எங்க வீட்டுக் குளிக்கிற ரூம்ல அடிக்கடி வரும். ஒண்ணும் செய்யாது" என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். அக்கா சொன்னதில் பாதி சரி. நான் சொன்னதில் எதுவுமே சரியில்லை. அந்தச் சிறிய உயிரைப் பற்றித் தெரிந்துகொண்டதையும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் செய்த இரண்டாவது தவறையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

புழுவா, பாம்பா?

இதன் பொதுப்பெயர் புழுப்பாம்பு. அறிவியல் பெயர் இண்டோடிப்லாப்ஸ் பிராமினஸ். வளர்ந்த பாம்பே பெரும்பாலும் நம் 15 சென்டிமீட்டர் அளவுகோலுக்குள் அடங்கிவிடும். உலகின் மிகச் சிறிய பாம்புகளில் ஒன்று. நஞ்சு கிடையாது. மனிதனைக் கடிக்க வேண்டும் என்று நினைத்தாலும் அதன் வாய் அதற்குப் போதாது.

பிள்ளைகள் இதை மண்புழு என்று நினைப்பதில் வியப்பில்லை. இரண்டும் மண்ணுக்குள் வாழ்கின்றன, இரண்டும் மழைக்கு வெளியே வருகின்றன. ஆனால் சற்றுத் தள்ளி நின்று பொறுமையாகப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். மண்புழுவின் உடலில் வளையம் வளையமாகக் கண்டங்கள் இருக்கும். அது உடலை நீட்டிச் சுருக்கி மெதுவாக நகரும். தோல் எப்போதும் ஈரமாகவும் கொழகொழப்பாகவும் இருக்கும், ஏனென்றால் அது தோலால் சுவாசிக்கிறது. புழுப்பாம்புக்கு வளையங்கள் இல்லை. உடல் முழுக்க மெருகேற்றியது போன்ற நுண்ணிய செதில்கள். அது பக்கவாட்டில் நெளிந்து விரைந்து ஓடும். நுரையீரலால் சுவாசிக்கும். உற்றுப் பார்த்தால் இடையிடையே குட்டி நாக்கு வெளியே வந்து போவது தெரியும். முதுகெலும்பு உள்ள விலங்கு, முதுகெலும்பு இல்லாத விலங்கு என்று நாம் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுகிறோமே, அந்த இரண்டு பத்தியும் பள்ளித் தோட்டத்தில் ஒரே பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கின்றன.

மற்ற பாம்புகளோடு ஒப்பிட்டாலும் இது தனி ரகம். நல்ல பாம்பையோ சாரைப் பாம்பையோ படத்தில் பாருங்கள். முதுகில் சிறிய செதில்கள், வயிற்றில் குறுக்குப் பட்டைகளாக அகலமான செதில்கள். தரையைப் பற்றி நகர அந்த வயிற்றுச் செதில்கள் உதவுகின்றன. புழுப்பாம்புக்கோ மேலும் கீழும் ஒரே அளவுச் செதில்கள்தான். உடலைச் சுற்றி எண்ணினால் 20 வரிசை. மண் துளைக்குள் எல்லாப் பக்கமும் மண்தான். அங்கே மேல் என்ன, கீழ் என்ன?

கண்ணும் அப்படியே. செதிலுக்கு அடியில் மங்கலாகத் தெரியும் இரண்டு கரும்புள்ளிகள்தான் அதன் கண்கள். வெளிச்சமா இருட்டா என்று அறிய மட்டுமே அவை பயன்படும், உருவம் தெரியாது. அதனால்தான் இந்தக் குடும்பத்துப் பாம்புகளைக் குருட்டுப் பாம்புகள் என்றும் சொல்கிறார்கள். மண்டையோடு சிறியதாகவும் இறுக்கமாகவும் அமைந்திருக்கிறது, மண்ணை முட்டி வழி செய்ய வேண்டுமல்லவா?

வாலின் நுனியில் ஒரு சிறு முள் உண்டு. பிடிபட்டால் அந்த முள்ளால் கையில் குத்திப் பார்க்கும். ஊசி முனையால் மெல்லத் தொட்டதுபோல இருக்குமே தவிர, அதில் நஞ்சு எதுவும் இல்லை. மண்ணில் ஊன்றி உடலை முன்னே தள்ளுவதுதான் அந்த முள்ளின் வேலை. "வாலால கொட்டும்" என்று ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான் பிறந்திருக்க வேண்டும்.

காதில் புகும் என்ற அச்சத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். அது தேடுவது ஈரமண்ணும் எறும்புப் புற்றும். நம் காதில் இரண்டும் இல்லை. மழை வெள்ளம் அதன் துளையை நிரப்பும்போது மேலே வருகிறது, கழிவுநீர்க் குழாய் வழியாகக் குளியலறைக்குள் வந்துவிடுகிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் அது தட்டுப்படும்போது பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்திலிருந்து இந்தக் கதை வந்திருக்கலாம்.

ஒரு தெலுங்குப் பெயரின் கதை

இந்தப் பாம்பு அறிவியல் உலகுக்கு அறிமுகமான கதையில் நம் பக்கத்து வீட்டு மொழி ஒன்று இருக்கிறது. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விசாகப்பட்டினம் பகுதியில் பணியாற்றினார். பாம்புக்கடியால் மக்கள் இறப்பதைப் பார்த்து, எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்று மக்கள் பிரித்தறிய வழி செய்ய வேண்டும் என்று நினைத்தார். சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளைச் சேகரித்து, படங்களோடு 1796இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அவர் பயன்படுத்திய பெயர்களில் பல உள்ளூர் மக்கள் அவருக்குச் சொன்னவை.

அந்த நூலில் நம் புழுப்பாம்பின் படமும் உண்டு. அதன் பெயராக அவர் எழுதியிருப்பது "ரோண்டூ தாலூலூ பாம்". வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ரெண்டு தலல பாமு! தெலுங்கில் இரண்டு தலைப் பாம்பு. தலையும் வாலும் ஒன்றுபோல் மழுங்கி இருப்பதால் மக்கள் வைத்த பெயர். 1803இல் பிரான்சைச் சேர்ந்த தொடேன் என்ற இயற்கையியலாளர் ரஸ்ஸலின் அந்தப் படத்தையும் குறிப்பையும் வைத்தே இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

நம் ஊரிலும் "இருதலைப் பாம்பு" என்ற சொல் உண்டு. ஆனால் நாம் அப்படிச் சொல்வது பெரும்பாலும் மண்ணுளிப் பாம்பை. அது தடித்த, மெதுவாக நகரும் வேறொரு பாம்பு. அதுவும் நஞ்சற்றது. அதற்கு மருத்துவ குணம் உண்டு, அதிர்ஷ்டம் தரும் என்ற பொய்களால் லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றுகிறார்கள். பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம். செய்தித்தாளில் இப்படி ஒரு கைதுச் செய்தி வந்தால் வகுப்பில் படித்துக் காட்டுங்கள். எந்தப் பாம்புக்கும் இரண்டு முனையிலும் தலை இருக்காது என்பதை அன்றைக்கே சொல்லிவிடலாம்.

ஆண் இல்லாத இனம்

இனி வருவதுதான் என்னை உட்கார வைத்த செய்தி. புழுப்பாம்பில் இதுவரை ஆய்வு செய்யப்பட்டவை எல்லாம் பெண் பாம்புகள். ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடும், அந்த முட்டையிலிருந்து பெண் குஞ்சுகள் வரும். மேல்நிலை விலங்கியலில் கன்னி இனப்பெருக்கம் என்று படிக்கிறோமே, அதுதான். வேறு சில பாம்புகளிலும், உயிரியல் பூங்காக்களில் தனியாக வைக்கப்பட்டவற்றிலும் அரிதாக இப்படி நடந்திருக்கிறது. ஆனால் முழு இனமும் இந்த ஒரே வழியில் பெருகுவதாக அறியப்பட்ட பாம்பு இது ஒன்றுதான்.

பெரும்பாலான விலங்குகளின் உடல் செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. இதை இருமயம் என்கிறோம். புழுப்பாம்பில் மூன்று தொகுதிகள் உள்ளன. ஒரு தொகுதிக்கு 14 வீதம் மொத்தம் 42. இந்த மும்மய நிலையை ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்டனர். மூன்று தொகுதி இருந்தால் இனச்செல் உருவாகும்போது சரிபாதியாகப் பிரிவது இயலாது. எனவே வழக்கமான இனப்பெருக்க வழி இதற்கு அடைபட்டுவிட்டது. மகள் ஏறக்குறைய தாயின் நகல்.

இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. ஒரே ஒரு பாம்பு புதிய இடம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தாலும் போதும், அங்கே ஒரு கூட்டம் உருவாகிவிடும். அது நன்மை. எல்லாம் நகல்களாக இருப்பதால் ஒரு புதிய நோய் வந்தால் தாங்கும் வேறுபாடு குறைவு. அது குறை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் மரபியல் நடத்தும் ஆசிரியர்கள் "ஆணும் பெண்ணும் எதற்கு?" என்ற கேள்வியை இந்தப் பாம்பிலிருந்து தொடங்கிப் பாருங்கள். வகுப்பு தூங்காது.

தொட்டியோடு போன பயணம்

தெற்காசியாவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பாம்பு இன்று அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படுகிறது. உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் பாம்பு இதுதான் என்கிறார்கள். நீந்திப் போகவில்லை, பறந்து போகவில்லை. மனிதர்கள் செடிகளைத் தொட்டி மண்ணோடு கப்பலேற்றினார்கள். அந்த மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இதுவும் ஏறிக்கொண்டது. அதனால் ஆங்கிலத்தில் இதற்குப் பூந்தொட்டிப் பாம்பு என்ற செல்லப் பெயரே உண்டு.

ஒரு சான்று நம் தொழிலோடு தொடர்புடையது. பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஹவாய்த் தீவுகளில் இயற்கையாக நிலப்பாம்பே கிடையாது. 1930இல் அங்கே முதன்முதலாக இந்தப் பாம்பு கண்டறியப்பட்டது. எங்கே தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்தில். கமேகமேகா ஆண்கள் பள்ளி வளாகத்தை அழகுபடுத்தப் பிலிப்பைன்ஸிலிருந்து செடிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றின் வேர்மண்ணில் இது வந்து சேர்ந்தது. இன்று ஹவாய்த் தோட்டங்களில் குடியிருக்கிறது.

நம் பள்ளி விழாவுக்கு நர்சரியிலிருந்து பத்துத் தொட்டி வாங்கி வருகிறோமே, அதிலும் இப்படி ஒரு பயணி இருந்திருக்கலாம். எங்கள் பள்ளியில் நான் பார்த்தது தொட்டியில் வந்ததா, அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

கறையானின் எதிரி

புழுப்பாம்பின் உணவு எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகள், இளம்புழுக்கள், கூட்டுப்புழுக்கள். சில நேரம் வளர்ந்த கறையானையும் தின்னும். மற்றப் பாம்புகள் ஒரு எலியை விழுங்கிவிட்டுப் பல நாள் படுத்திருக்கும். இது அப்படியல்ல. புற்றுக்குள் நுழைந்து சின்னச் சின்னதாக நிறைய அள்ளிப் போட்டுக்கொள்ளும். இதன் கீழ்த்தாடையில் பற்கள் இல்லை. மேல்தாடையில் உள்ள பற்களைக் களைக்கொத்துபோல முன்னும் பின்னும் வேகமாக ஆட்டி இரையைத் தொண்டைக்குள் வாரித் தள்ளுகிறது.

2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் பதிவு செய்தார்கள். வளர்ந்த கறையானைத் தின்னும்போது சில வேளைகளில் இது தலையை மட்டும் தரையில் தேய்த்து முறித்துப் போட்டுவிட்டு உடலை விழுங்குகிறது. கறையானின் தலை எளிதில் செரிக்காது. பாம்புகள் இரையை முழுதாக விழுங்கும் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் விதிக்கு இது ஒரு விலக்கு.

ஒரு கோடை விடுமுறை முடிந்து அலுவலக அறை மர அலமாரியைத் திறந்தபோது, பழைய பதிவேடுகள் மண்ணாகி உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்த எவருக்கும் கறையானைத் தின்னும் உயிர்மீது ஒரு மரியாதை வரத்தான் செய்யும். புழுப்பாம்பு ஒன்றே கறையானை ஒழித்துவிடாது. ஆனால் நம் பக்கம் நின்று வேலை செய்கிறது.

இதுவும் பலருக்கு உணவாகிறது. தேரை, கோழி, பறவைகள், பெரிய பாம்புகள் எல்லாம் இதைத் தின்னும். 2012இல் கிழக்குத் திமோரில் ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். ஒரு தேரை விழுங்கிய புழுப்பாம்பு அதன் குடல் வழியாக முழுப் பயணமும் செய்து, பின்பக்கமாக உயிரோடு வெளியே வந்தது. சில மணி நேரம் உயிரோடு இருந்தது. இந்தக் கதையைச் சொன்னால் ஆறாம் வகுப்பு செரிமான மண்டலப் பாடம் தானாக நடக்கும்.

மலையில் இருக்கும் மற்றொரு மண்வாசி

எங்கள் பள்ளி மாடியில் நின்றால் மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும். அந்த மலைத்தொடரின் ஈரமண்ணில் வேறொரு மண்வாழ் பாம்புக் குடும்பம் இருக்கிறது. அவை கவசவால் பாம்புகள். வாலின் முனை வெட்டிவிட்டதுபோல் சாய்ந்து, சொரசொரப்பான கவசத்தோடு இருக்கும். அந்தக் கவசத்தில் மண் ஒட்டிக்கொள்ளும். பாம்பு துளைக்குள் போனதும் பின்னால் அதுவே கதவு. முக்கியமாக மண்புழுவைத் தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம் இக்குடும்பத்தின் பல இனங்களைத் தென்னிந்திய மலைகளிலிருந்து விவரித்தார்.

உலகில் இக்குடும்பம் தென்னிந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இவற்றில் சில இனங்கள் ஒரு சில மலைகளை விட்டு எங்கும் போனதில்லை. அந்த மலைக்காடு போனால் அந்த இனமும் போய்விடும். தொட்டி மண்ணிலேயே உலகம் சுற்றிய புழுப்பாம்பையும், ஒரு மலையைத் தாண்டாத கவசவால் பாம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாழிடம், பரவல், அழியும் அபாயம் என்ற மூன்று பாடமும் அதற்குள் இருக்கிறது. குற்றாலத்துக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளிடம் "மலையில் கல்லைப் புரட்டாதீர்கள்" என்று நாம் சொல்வதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

என் இரண்டாவது தவறு

இவ்வளவும் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் அடுத்த வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் பேசினேன். என் தவறையும் ஒப்புக்கொண்டேன். செங்கல் போட்ட மாணவனையும் அழைத்து, "தப்பு என்மேலதான்" என்றேன். "இது ஒண்ணும் செய்யாது. இதைப் பார்த்துப் பயப்படக் கூடாது" என்று பலமுறை சொன்னேன்.

மூன்று நாள் கழித்து, அந்த வகுப்பு மாணவி ஒருத்தி காலையில் என் மேசைமேல் ஜாமெட்ரி பாக்ஸை வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. திறந்து காட்டினாள். உள்ளே ஈரமண்ணும் ஒரு புழுப்பாம்பும்.

"எங்கம்மா பீடி சுத்துற திண்ணைக்குக் கீழ கிடந்துச்சு டீச்சர். நானே கையால எடுத்தேன். ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது புழுப்பாம்புதான், ஆபத்து ஏதுமில்லை. ஆனால் அவள் எடுத்தது வேறொன்றாக இருந்திருந்தால்? ஆலங்குளம் போன்ற வறண்ட, கல்லும் முள்ளும் நிறைந்த நிலம் சுருட்டை விரியனுக்கு ஏற்ற இடம். அதன் குட்டியும் சிறியதுதான். மெல்லிய உடலோடு மண்ணிலும் சருகிலும் வாழும் பவளப் பாம்பு என்று ஒன்று உண்டு. கறுத்த தலை கொண்ட அது சிறியது, ஆனால் நஞ்சுள்ளது. அவசரத்தில் ஒரு பிள்ளைக்கு அதுவும் புழுப்பாம்பாகத் தெரியலாம்.

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களைப் போன்றவர்கள்.

முதல் முறை தெரியாமல் பயமுறுத்தினேன், ஒரு பாம்பு செத்தது. இரண்டாம் முறை பாதி தெரிந்து தைரியம் கொடுத்தேன். அதில் போக இருந்தது ஒரு குழந்தையின் உயிர். பயத்தை எடுத்தவள், அந்த இடத்தில் எச்சரிக்கையை வைக்க மறந்துவிட்டேன்.

அந்தச் சிறுமியைத் திட்டவில்லை. இருவரும் சேர்ந்து போய், ஜாமெட்ரி பாக்ஸைத் தோட்டத்து ஈரமண்ணில் கவிழ்த்தோம். இரண்டு நொடியில் மண்ணுக்குள் மறைந்துவிட்டது. பிறகு வகுப்புக்கு வந்து கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினேன்: நில். பார். சொல்.

எந்தப் பாம்பைக் கண்டாலும் முதலில் இரண்டு பெரியவர் உயரத் தொலைவில் நில். அங்கிருந்தே நிறம், அளவு, எப்படி நகர்கிறது, எங்கே போகிறது என்று பார். கையாலும் குச்சியாலும் தொடாமல், கல்லெறியாமல், பெரியவரிடம் வந்து சொல். புழுப்பாம்பு என்று உறுதியாகத் தெரிந்தாலும் இந்த மூன்றுதான். சிறிய பாம்பு என்பதால் விதி மாறாது.

வகுப்பறைக்குச் சில யோசனைகள்

எண்ணும் எழுத்தும் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெயர்களும் விவரங்களும் வேண்டாம். "நில், பார், சொல்" என்பதை விளையாட்டாக்கினால் போதும். கயிற்றுத் துண்டு ஒன்றை மைதானத்தில் போட்டுவிட்டு, அதைக் கண்டதும் நிற்கவும், பார்த்ததைச் சொல்லவும் பழக்கலாம்.

நடுநிலை வகுப்புகளில் மண்புழுவையும் புழுப்பாம்பையும் ஒப்பிடும் அட்டவணையைப் பிள்ளைகளே நிரப்பட்டும். உடல் அமைப்பு, தோல், சுவாசம், நகரும் விதம், உணவு என்று ஐந்து தலைப்பு. மண்புழுவை நேரில் பார்க்கலாம். பாம்புக்குப் படம் போதும்.

கணக்கு ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. ஒரு பாம்பு நான்கு முட்டையிட்டு, நான்கும் பிழைத்து, ஒவ்வொன்றும் மீண்டும் நான்கு முட்டை இட்டால் ஐந்தாவது தலைமுறையில் எத்தனை? 4, 16, 64, 256, 1024. அடுக்குக் குறியீட்டுக்கு நல்ல தொடக்கம். அதோடு "அப்படியானால் நம் ஊர் ஏன் பாம்பால் நிரம்பவில்லை?" என்று கேளுங்கள். தேரையும் கோழியும் தானாகப் பேச்சுக்குள் வந்துவிடும்.

சமூக அறிவியலில் உலக வரைபடத்தை விரித்து விசாகப்பட்டினத்தையும் பிலிப்பைன்ஸையும் ஹவாயையும் குறிக்கச் சொல்லலாம். மனிதர் செடியைக் கொண்டுபோகும்போது கூடவே என்னவெல்லாம் போகிறது என்று பேசலாம். தமிழ் வகுப்பில், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உள்ளூர்ப் பாம்புப் பெயர்களையும் அவற்றைப் பற்றிய நம்பிக்கைகளையும் தொகுத்து வரச் சொன்னேன். எங்கள் வகுப்பில் ஒரு நோட்டே நிரம்பியது. ஒவ்வொரு நம்பிக்கைக்கும் பக்கத்தில் "சரி", "தவறு", "தெரியவில்லை" என்று மூன்று கட்டம் போட்டோம். "தெரியவில்லை" கட்டம்தான் அதிகம் நிரம்பியது. அதுவும் நல்லதே.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று எல்லா வகுப்பிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்ல வேண்டும். கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடக் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைக்க வேண்டும். கயிறு கொண்டு இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மந்திரிப்பவரைத் தேடிப் போதல் எதுவும் கூடாது. 108க்கு அழைத்து, நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை. பள்ளிக்குள் பாம்பு வந்தால் நாமே அடிக்கவோ பிடிக்கவோ முயலாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடலாம்.

மீண்டும் ஒரு மழைக்காலை

அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் அதே கை கழுவும் தொட்டிப் பக்கம் மீண்டும் பிள்ளைகள் கூடினார்கள். நான் வகுப்பறை வாசலிலிருந்தே பார்த்தேன். யாரும் கூச்சலிடவில்லை. வட்டமாகத் தள்ளி நின்றார்கள். மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் முன்னே போகப் பார்த்தான். ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டுவந்த அதே மாணவி, இப்போது எட்டாம் வகுப்பு, அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

பிறகு என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், சின்னதா ஒண்ணு வந்திருக்கு. புழுப்பாம்பு மாதிரிதான் இருக்கு. ஆனா நாங்க யாரும் தொடல. நீங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். புழுப்பாம்புதான். பூந்தொட்டியின் அடியில் இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்து அது மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. வால் நுனி மறையும் வரை நின்று பார்த்துவிட்டு எல்லாரும் வகுப்புக்குப் போனோம்.